லாரி நிழலில் பார்த்த வால்நட்சத்திரம்

என் ஐயாவுக்கு,

முந்தாநாள் நீ போனில் சொன்ன ஒரு பேச்சுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று சூரிய கிரகணம், அதைக் காட்டுவதற்காக உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போகப்போவதாகச் சொன்னாய். நடுவெல்லாம் மறைந்து ஓரம் மட்டும் வளையல் மாதிரி எரியும் என்றாய். "கண்ணு பத்திரம்ப்பா" என்றேன். நீ சிரித்தாய். "பயப்படாதம்மா. எல்லாருக்கும் கண்ணாடி வாங்கியாச்சு. அன்னைக்கும் நாங்க எல்லாம் முறையாத்தான் செஞ்சோம். பாண்டியண்ணன் மாதிரி சொல்லாம வண்டிய எடுக்கற ஒரு ஆளு பக்கத்துல இல்லாமப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றாய். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகணும் என்று வைத்துவிட்டாய். நான் போனைக் காதில் வைத்தபடியே திராட்சைப் பந்தலுக்குள் வெகுநேரம் நின்றிருந்தேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை என்பது ஓடைப்பட்டிக்கே தெரியும். பந்தலில் சாரைப்பாம்பு தொங்கினால் கம்பை எடுத்துத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பேன். உன் அப்பா போனபோது உனக்கு எட்டு வயது. பொம்பளையால் தோட்டம் பார்க்க முடியாது, விற்றுவிடு என்று வந்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவைத்தேன். அப்படிப்பட்டவளுக்கு மூன்று வருஷமாக ஒரு பயம். போனில் உன் நம்பரைப் பார்த்தாலே எடுக்கத் தயங்குவேன். யாராவது உன்னிடம் சொல்லிவிட்டார்களோ, தெரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறாயோ என்று இருக்கும். முந்தாநாள்வரை அந்தப் பயம் எனக்காகப் பட்ட பயம். இப்போது உனக்கு மிச்சமிருக்கிற ஒரு நல்ல கண்ணுக்காகவும் யார் வீட்டுப் பிள்ளைகளோ அந்த முப்பது பேருக்காகவும் பயப்படுகிறேன். நீ ஒரு தப்பான பாடத்தைப் படித்துவிட்டு, அதை நம்பிப் பிள்ளைகளைச் சூரியனுக்கு எதிரில் நிறுத்தப்போகிறாய். அந்தப் பாடத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய போகிப் பண்டிகையை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். பாதியிலிருந்து சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன், என் வாய் அப்படிப் பழகிவிட்டது.

நீ அப்போது மதுரையில் காலேஜ் கடைசி வருஷம். எங்கள் வானியல் குழு என்று பெரிதாகச் சொல்லுவாய், எண்ணிப் பார்த்தால் நாலு பேர் தேறும். உத்தமபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாய்தான் உங்களுக்குத் தலைவர். வருஷா வருஷம் நோன்புப் பிறை தேடிப் பழகிய கண் அவருக்கு. மற்றவர்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் பிறையைக் காட்டிவிடுவாராம். அவரிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. அதன் இடதுபக்கக் குழாய் எப்போதோ உடைந்து, அதற்கு ஒரு மூடியைப் போட்டு இறுக்கி வைத்திருந்தார். வலது கண்ணால் மட்டும்தான் பார்க்க முடியும். உடைசல் சாமானைக் கொண்டு உலகத்தை அளக்கிறீர்களா என்று நான் கேலி செய்திருக்கிறேன். இன்றைக்குச் சாமி கும்பிடும்போது அந்த மூடியையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

அந்த மார்கழியில் ஒரு வால்நட்சத்திரம் சூரியனை ஒட்டிப் போகிறது என்று தேனியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு வந்தாய். பொழுது அடைந்ததும் மேற்கே அடிவானத்தில் தெரியும் என்று போட்டிருந்ததாம். நமக்கு மேற்கே அடிவானம் எங்கே இருக்கிறது, மலைதானே இருக்கிறது. ஐந்து நாள் சாயங்காலம் நாலு பேரும் ரோட்டோரம் நின்று மலையைப் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்பினீர்கள். பிறகு அது சூரியனைச் சுற்றித் திரும்பிவிட்டது, இப்போது பட்டப்பகலிலேயே தெரிகிற அளவுக்கு வெளிச்சமாக இருக்கிறது, சூரியனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, சூரியனை மட்டும் எதனாலாவது மறைத்துக்கொண்டால் பார்த்துவிடலாம் என்று காதர் பாய் கண்டுபிடித்தார். உனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறைப்பதற்குத் தோட்டத்தில் என்ன இருக்கிறது? பந்தல் ஆள் உயரம்தான். மோட்டார் ரூமைச் சுற்றித் தென்னை, ஓலை ஆடிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் நம் லாரி உங்கள் கண்ணில் பட்டது. பொங்கலுக்கு மதுரை மண்டிக்குப் போக வேண்டிய லோடு. திராட்சைப் பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டியதும் அது ஒரு வீட்டுச் சுவர் மாதிரி உயர்ந்து நின்றது. அதன் நிழலில் நீங்கள் நாலு பேரும் நின்றீர்கள். காதர் பாய் குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, இதைத் தாண்டக் கூடாது என்றார். "சூரியன் எறங்க எறங்க லாரிக்குப் பின்னால ஆழமாத்தான் போகும். அதனால இங்கன நின்னா பயமில்ல. தார்ப்பாய் முனையில இருந்து ஆரம்பிச்சு மேல போங்க, கீழ வராதீக" என்று அவர் சொன்னதை நான் கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எவ்வளவு யோசனையான மனிதர். லாரிக்குச் சக்கரம் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நீ யோசித்தாய் என்று இப்போது நினைவு வருகிறது. "எப்பம்மா வண்டி கெளம்பும்?" என்று கேட்டாய். "கெளம்பறதுக்கு முந்தி நான் வந்து சொல்றேன், நீ பாரு" என்றேன். ஐயா, இதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

நாலு மணி வாக்கில் நீ கத்தினாய். "அம்மா, தெரியுது. வந்து பாரு. வெள்ளையா, குட்டியா ஒரு வாலோட." உன் குரல் எட்டு வயசுப் பிள்ளையின் குரலாக இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே, "வாலும் வேணாம் தலையும் வேணாம், எனக்கு லோடு கெடக்கு" என்றேன். பத்து அடி நடந்து வந்து பார்த்திருந்தால் உன் கூடவே நின்றிருப்பேன். அந்த வால்நட்சத்திரம் இனி என் ஆயுசுக்கும் வராதாம், நீதான் சொன்னாய்.

அந்த நேரத்தில் மண்டியிலிருந்து போன். மறுநாள் பொங்கல், ஏழரைக்குள் வந்தால் இறக்குவோம், இல்லையென்றால் இரண்டு நாள் பூட்டு என்றார்கள். பழுத்த பன்னீர்த் திராட்சை இரண்டு நாள் தாங்குமா? அதோடு அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். லோடு ஏற்றிய வண்டியை ராகு காலத்தில் நான் ஒருநாளும் கிளப்பியதில்லை. அவசர அவசரமாக லாரி முகப்பில் வேப்பிலைக் காப்பைக் கட்டினேன், சூடம் காட்டினேன், முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். என் கண் முழுக்கக் கடிகாரத்தில்தான் இருந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது. பாண்டி நம் வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டினவர். அவரை நான் அவன் இவன் என்றுதான் பேசிப் பழகியிருக்கிறேன். இந்தக் கடிதத்திலாவது அவர் என்று எழுதிவிட்டுப் போகிறேன். அவர் ஏறி உட்கார்ந்தவர், மறுபடியும் இறங்கிப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, தம்பி எல்லாரும் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருக்காக. ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வந்துரட்டா?"

"பாத்தது போதும். ராகு காலம் வந்துரும். ஆரன் அடிச்சிட்டு எடு."

"இல்லக்கா, வெயில் அப்படியே கண்ணுல அடிச்சிரும்னு பாய் சொன்னாக. செத்த பொறுங்க."

"ஏலே, நான் சொல்றேன்ல. எடு."

அவர் எடுத்தார். ஆரன் அடித்துவிட்டுத்தான் எடுத்தார். ஆனால் காலையிலிருந்து ரோட்டில் போன வண்டியெல்லாம் ஆரன் அடித்துக்கொண்டுதான் போயின. உங்களுக்கு அது ஒரு சத்தமாகவே தெரிந்திருக்காது. நீ அந்த நேரம் பார்த்து வால்நட்சத்திரத்தைத் தவறவிட்டு, காதர் பாய் சொன்னபடி தார்ப்பாய் முனைக்குத் திரும்பி வந்து மறுபடி தேட ஆரம்பித்திருந்தாயாம். அந்த முனைக்கு நேர் கீழே சூரியன், அதை மறைத்திருந்த லாரி நகர்ந்துவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நான் திரும்பினபோது, நீ பைனாகுலரைக் கீழே போட்டுவிட்டு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாய். "ஒண்ணுமில்லம்மா, கூசுது. சரியாயிரும்" என்று நீதான் எனக்குத் தைரியம் சொன்னாய்.

மறுநாள் காலையில் பொங்கப் பானை பொங்கி வழிகிறது. குலவை போடத் திரும்பினேன். நீ இடது கண்ணை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, உன் மூஞ்சி இருக்கிற எடத்துல ஓட்டை விழுந்திருக்கு" என்றாய். சிரிக்கப் பார்த்தாய், உனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொங்கலுக்கு நான் குலவையே போடவில்லை. அப்படி ஒரு பயத்தை உன் அப்பா கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில்கூட நான் பட்டதில்லை.

மதுரை கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டி, கண்ணுக்குள் நடுமத்தியில் சுட்டுவிட்டது, இதற்கு மருந்து இல்லை, தானாக எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவுதான் என்றார். வெளியே வராந்தாவில் பாண்டி வந்து நின்றார். விஷயம் கேள்விப்பட்டு லாரியைப் போட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் நீ எழுந்து, "யாரக் கேட்டு வண்டிய எடுத்தீங்க?" என்று கத்தினாய். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பாண்டி உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துக்கொண்டு, "விடுப்பா, அவன் என்ன வேணும்னா செஞ்சான்" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்ட மாதிரி அதைச் சொன்னேன். அந்த ஒரு சொல்லில் பழி முழுவதும் அவர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

என்னைக் கேட்டுத்தான் எடுத்தார், ஐயா. இரண்டு தடவை தடுத்துப் பார்த்துவிட்டு, நான் அதட்டினதால் எடுத்தார்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பயம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்கு நீ, உனக்கு நான் என்று இருந்த வீடு. உன் கண்ணில் ஓட்டை போட்டது நான் என்று தெரிந்தால், மீதி இருக்கும் கண்ணாலும் நீ என்னைப் பார்க்கமாட்டாயோ என்று பயந்தேன். சரியானதும் சொல்லலாம் என்று நினைத்தேன். தினமும் காலையில் நீ இடது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டர் முன்னால் நிற்பாய். "இன்னைக்குத் தேதி தெரியுதாப்பா?" என்று நான் கேட்டால், "ஓரம் தெரியுதும்மா" என்பாய். ஆறு மாதம் ஓரம் மட்டும்தான் தெரிந்தது. ரயில்வே வேலைக்கு எழுதிப் பாஸ் பண்ணிவிட்டுக் கண் பரிசோதனையில் நீ திரும்பி வந்த அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பரவால்லம்மா, வாத்தியாராப் போறேன்" என்று நீ முந்திக்கொண்டாய். ஊரில் வால்நட்சத்திரம் பார்த்த தோஷம் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். வானத்தில் போனது மேலேயும் வண்டி ஓட்டினவர் மேலேயும் பழியைப் போட்டுவிட்டு நான் பிள்ளையின் கண்ணுக்காக விரதம் இருந்தேன்.

பாண்டி அந்த வாரமே லாரிச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளி மகன் கண்ணைக் கெடுத்தவர் என்ற பெயரோடு சின்னமனூர் வரைக்கும் யாரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. கம்பத்திலிருந்து ஏலத் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப் ஓட்டுகிறார். இருட்டோடு ஏறிப் பொழுது சாய இறங்குகிற பிழைப்பு.

நேற்று நான் கம்பம் போனேன். ஜீப் திரும்பி வருகிறவரைக்கும் எதிர் டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தவர் என்னைப் பார்த்ததும், "என்னக்கா, தம்பிக்கு எதுவுமா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததையெல்லாம் கொட்டினேன். அன்றைக்கு நான்தான் எடுக்கச் சொன்னேன், அவர் தடுத்தும் நான் கேட்கவில்லை என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதாக்கா, நான்தான அங்கன இருந்தேன்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெரிந்தவரிடமே போய் ரகசியம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பெறகு ஏன்ப்பா தம்பிகிட்டச் சொல்லல?"

"ஏற்கனவே ஒரு கண்ணு போயிருச்சு. ஆத்தாளையும் சேத்துப் போக்கணுமான்னு விட்டுட்டேன்."

டீக்கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

உனக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆனதற்கு என் மனசாட்சி மட்டும் காரணமில்லை, அது மூன்று வருஷம் நன்றாகத்தான் தூங்கியது. பாண்டி மாதிரி ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றாயே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களிலேயே ஆபத்தைக் கண்டு வாயைத் திறந்தவர் அவர் ஒருவர்தான். நீங்கள் நாலு பேரும் வானத்தைப் பார்த்தீர்கள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர்தான் உங்களைப் பார்த்தார். தனுஷ்கோடியில் உனக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிரகணத்தை ஒரு நொடிகூடப் பார்க்காமல், பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்க்கிற ஆள். வளையமாகத் தெரிகிறபோது எவனாவது ஆசையில் கண்ணாடியைக் கழற்றுவான். நீ கழற்றமாட்டாய் என்றாலும் மேலேதான் பார்த்துக்கொண்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது, ஐயா. போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் அதுவும் என் அவசரத்துக்கு உன்னை அதட்டுவதாகத்தான் ஆகும் என்று விட்டுவிட்டேன்.

உன் கூடத் தனுஷ்கோடிக்குப் போக முடியுமா என்று பாண்டியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "உங்க பேச்சக் கேட்டு ஒருக்கா வண்டி எடுத்தது போதும்க்கா. தம்பி கூப்பிட்டா வர்றேன்" என்றார். தபாலில் போட்டால் நீ படித்த கையோடு எனக்குப் போன் போடுவாய், எனக்கு அதை எடுக்கத் தைரியம் இருக்காது. அதனால் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அதையாவது கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சரி என்றார். நாளைக்கு ஜீப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் இங்கே வந்து, இதை வாங்கிக்கொண்டு மதுரைக்கு வருகிறார்.

அதனால் இதை நீ படிக்கிறபோது அவர் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பார். நீ சொல்லாமல் உட்காரமாட்டார். விடிவதற்கு முன்னால் கிளம்பினவர், வழியில் எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டார். முதலில் அவரை உட்காரவைத்துச் சோறு போடு. என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசித்துக்கொள்.

அம்மா